பத்து போனில் ஒரு குரல்

"சேதராப்பட்டுலருந்து வந்து பிரெஞ்சு படிக்கப் போறியா? தமிழ் எடும்மா, பாஸாவது ஆவ."

கல்லூரியில் சேர்க்கை நடந்த நாளில், சன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்த எழுத்தர் என்னிடம் சொன்னது இது. எனக்குப் பின்னால் நின்ற அம்மாவுக்குச் சரியாகக் காதில் விழவில்லை. "இன்னாடி சொல்றாரு?" என்று தோளைத் தட்டினாள். "எடுத்துக்கோன்னு சொல்றாரும்மா" என்றேன். விண்ணப்பத்தில் பேனாவை அழுத்திப் பிரெஞ்சு என்று எழுதினேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா தொழிற்பேட்டையில் லாரிகளுக்கு மூட்டை ஏற்றுகிறார். அம்மா அங்கேயே ஒரு சோப்புக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். இருவருக்கும் எண்கள் தெரியும், எழுத்து தெரியாது. பிரெஞ்சை நான் எடுத்ததற்கு உயர்ந்த காரணம் எதுவும் கிடையாது. புதுச்சேரியில் சில வீடுகளில் அந்த மொழி வெள்ளிப் பாத்திரம் மாதிரி தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்திருப்பார், சித்தப்பா பாரிசில் இருப்பார், வீட்டில் யாராவது ஒருவருக்கு அந்த நாட்டு பாஸ்போர்ட் இருக்கும். எங்களுக்கு அப்படி ஒரு நூல்கூட இல்லை. என்னிடம் யாரும் எதிர்பார்க்காத ஒன்றை எடுத்து, எதிர்பார்க்கப்பட்டவர்களைவிட நன்றாகச் செய்து காட்ட வேண்டும் என்று நினைத்தேன். திமிர் என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

பாதிப் பிரெஞ்சை எனக்கு அம்மாவின் போன்தான் கற்றுக்கொடுத்தது. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் அது பகல் முழுக்க என்னிடம் இருக்கும். சேதராப்பட்டிலிருந்து நகரத்துக்கு பஸ்ஸில் போகும்போதும் திரும்பும்போதும் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பிரெஞ்சு வானொலிச் செய்தி கேட்பேன். முதல் வருடத்தில் ஒன்றுமே புரியவில்லை. ஆனாலும் கேட்ட ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்க்குள் திருப்பிச் சொல்லுவேன். தொண்டையின் அடியிலிருந்து வருகிற அந்த 'ர' ஒலிக்காக நான் பஸ்ஸில் போட்ட உறுமலைக் கேட்டு ஒருநாள் கண்டக்டர், "யாரு கூடம்மா சண்டை? எறங்கிப் போய்ப் போட்டுக்க" என்றார். பஸ் சிரித்தது. நானும் சிரித்தேன். இரண்டாம் வருட முடிவில் செய்தி வாசிப்பவர் எங்கே மூச்சு வாங்குவார் என்பதுவரை எனக்குத் தெரிந்திருந்தது.

போனை வைத்துக்கொண்டு ஒரு மொழியைக் கற்க முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். அதற்குப் பிறகு நடந்ததற்கு போன் பொறுப்பல்ல.

மூன்றாம் வருடத் தொடக்கத்தில் எங்கள் துறையில் ஒரு திட்டம் வந்தது. மாணவிகள் வகுப்பறைக்கு வெளியே, தங்கள் சொந்த போனில், ஒரு செயலியின் வழியாகப் பேசிப் பழக வேண்டும். பத்து வாரம், பத்துப் பயிற்சி. கடலை வருணிப்பது, வழி கேட்பது, பேக்கரியில் ரொட்டி வாங்குவது, ஒயிட் டவுன் என்கிற பழைய பிரெஞ்சுக்காரர் பகுதியில் தெருப் பெயர்ப் பலகைகளைப் படித்து விளக்குவது. பேசியதைச் செயலியே கேட்டு மதிப்பெண் போடும். பத்தின் சராசரிதான் எங்கள் பேச்சுத் தேர்வு மதிப்பெண். அதில் அறுபது இல்லையென்றால், எம்.ஏ. விண்ணப்பத்தில் துறைத் தலைவர் கையெழுத்துப் போட மாட்டார். எனக்கு எம்.ஏ. வேண்டும். எங்கள் தெருவில் பெண்கள் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற வரிசையில் எனக்கென்று ஓர் இடம் காலியாக இருப்பது எனக்குத் தெரியும்.

பேச்சோடு ஒரு புகைப்படமும் அனுப்ப வேண்டும். எந்த இடம், என்ன நேரம் என்று படத்தின் அடியிலேயே அச்சாகிற மாதிரி எடுக்க வேண்டும். கல்லூரிக்குத் தர ஆய்வுக் குழு வரப்போகிறது, கோப்புக்கு ஆதாரம் வேண்டும் என்று பேராசிரியை சொன்னார். அனுமதிக்கப்பட்ட இடங்களின் பட்டியலும் கொடுத்தார். எல்லாம் கடற்கரைச் சாலையையும் அதை ஒட்டிய தெருக்களையும் சேர்ந்தவை.

முதல் வாரம் கடற்கரைச் சாலைக்குப் போனேன். காலை எட்டரை மணி. கருங்கற்கள் மேல் அலை வந்து விழுவதைப் பார்த்தபடி நாலு நிமிடம் பேசினேன். செயலி தொண்ணூற்றொன்று என்று காட்டியது. வகுப்பிலேயே அதுதான் அதிகம். பக்கத்தில் நின்ற வகுப்புத் தோழி மூன்று முறை முயன்று நாற்பத்திரண்டைத் தாண்ட முடியாமல் அழும் நிலைக்கு வந்துவிட்டாள்.

"எனக்கு ஒரே ஒருவாட்டி பேசிக் குடேன்டி. அடுத்த வாரம் நானே கத்துக்குறேன்" என்றாள்.

அவள் போனை வாங்கிப் பேசிக் கொடுத்தேன். அது இரக்கம் என்று அன்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது இனித்தது. அவளுடைய அம்மாவழித் தாத்தா பிரெஞ்சில் கனவு காண்கிறவர் என்று முதல் வருடத்தில் எங்களிடம் பீற்றியவள் அவள். அந்த வீட்டுப் பெண்ணுக்கு சேதராப்பட்டுக்காரி பிரெஞ்சு பேசிக் கொடுத்தாள். இதை நினைத்து அன்று பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

இரண்டாம் வாரம் நான்கு பேர் வந்தார்கள். நான்காம் வாரத்தில் பத்துப் பேர், அவர்களுடைய முந்தைய வாரப் பயிற்சிகளையும் திரும்பப் பேசிக் கொடுத்தேன். எங்கள் வகுப்புத் தலைவியான ரெப் இதற்கு ஒரு முறையே ஏற்படுத்திவிட்டாள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை இல்லாத நாள். எல்லோரும் சேர்ந்து ஒயிட் டவுனுக்குப் போவார்கள். மஞ்சள் சுவரின் முன்னால், காகிதப்பூக் கொடியின் கீழே, ஒருத்தி பின் ஒருத்தியாக நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். உதட்டில் சாயம், கையில் ஒரு பிரெஞ்சுப் புத்தகம். ஒரு வாரம் அந்தப் புத்தகம் தலைகீழாக இருந்தது. படத்தின் அடியில் இடமும் நேரமும் ஒழுங்காக விழும். பிறகு பத்து போன்களையும் ஒரு துணிப்பையில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டு ஐஸ்கிரீம் கடைக்குப் போய்விடுவார்கள்.

"இவளுது எல் மாதிரி இழுக்கணும், அவளுது சதுரம். எனக்குப் பூட்டே இல்ல, தள்ளினா தொறந்துக்கும்" என்று திறக்கும் முறைகளை ரெப் எனக்கு மனப்பாடம் செய்வித்தாள். "குரல கொஞ்சம் மாத்திக்கடி. ஒண்ணுக்குக் கரகரன்னு, ஒண்ணுக்கு மெதுவா. மேடத்துக்கு டவுட் வரக்கூடாது."

"மேடம் கேப்பாங்களா?"

"எவ கேக்குறா? ஆப்பு கேக்கும், மார்க்குப் போடும். மேடம் போட்டோவதான் பாப்பாங்க."

அவள் சொன்னது சரி. ஒவ்வொரு வாரமும் பேராசிரியை படங்களைத்தான் பார்த்தார். "உன்னுதுல நேரம் தெரியல, திரும்ப எடு" என்பார். எத்தனையோ பேச்சுகள் அந்தச் செயலிக்குள் போய் விழுந்தன. ஒரு மனிதக் காதும் அவற்றைத் தொடவில்லை.

அந்தத் துணிப்பைக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுப்பேன். வெயிலில் சூடேறிய போன்கள். கண்ணாடியில் முகப்பூச்சின் பிசுக்கு. ஒன்றின் உறையில் ஜிகினாத் தூள் உதிர்ந்து என் விரல்களில் ஒட்டும், சோப்புப் போட்டாலும் போகாது. வாய்க்கு அருகே வைத்துப் பேசும்போது எவளோ குடித்த ரோஸ்மில்க் வாடை வரும். நடுவில் அவர்களுடைய செய்திகள் வந்து விழும். ஒருத்தியின் அத்தை 'சாப்பிட்டியா கண்ணு' என்று கேட்பாள். இன்னொருத்திக்கு யாரோ வரிசையாக இதயமாக அனுப்புவான். அவற்றை விரலால் ஒதுக்கிவிட்டு, இல்லாத ஒரு வழிப்போக்கனிடம் தேவாலயத்துக்கு வழி கேட்பேன். பிறகு அந்த வழிப்போக்கனாகக் குரலை மாற்றிக்கொண்டு நானே வழி சொல்லுவேன். ஒரு போன் முடிந்து அடுத்ததை எடுக்கும்போது மீண்டும் அதே தேவாலயம். இப்படிப் பத்து முறை. ஏழாவது எட்டாவது போனுக்குள் நான் நேசித்த வார்த்தைகள் மென்று துப்பிய கரும்புச் சக்கை மாதிரி ஆகிவிடும். அவர்கள் ஐஸ்கிரீம் தின்றுவிட்டு வந்து, "முடிஞ்சுதா? எத்தினி வந்துச்சு?" என்பார்கள். எண்பத்தைந்துக்குக் குறைந்தால் முகம் சுளிப்பார்கள். ஒருத்தி, "எனக்கு மட்டும் ஏன்டி எண்பத்தொண்ணு? அவளுக்குன்னா உசுரக் குடுத்துப் பேசுற" என்று என்னிடம் சண்டைக்கே வந்தாள்.

அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. பத்துப் பேருக்கு நான் இல்லாமல் ஆகாது என்ற நினைப்பு என்னை அங்கேயே உட்காரவைத்தது. இதை எழுதவே கூசுகிறது.

என்னுடைய பயிற்சி என்ன ஆனது என்று கேட்பீர்கள். இரண்டாம் வாரத்தில் அம்மாவின் கம்பெனிக்குப் புது சூப்பர்வைசர் வந்தார். ஷிப்ட் மாற்றம், ஓவர்டைம், பஸ் நேரம் எல்லாவற்றையும் அவர் போன் குரூப்பில் பேசி அனுப்ப ஆரம்பித்தார். பேக்கிங் பிரிவில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாததால் அந்த ஏற்பாடு. செய்தி கேட்காதவர்கள் தவறான ஷிப்டுக்குப் போய்த் திரும்ப வேண்டியிருந்தது. அதனால் அம்மா போனைத் தன்னோடு எடுத்துப்போய்க் கம்பெனி வாசல் லாக்கரில் வைத்துக்கொண்டு, சாப்பாட்டு வேளையில் வெளியே வந்து கேட்பாள். அப்பாவிடம் இருப்பது பட்டன் போன். செயலியோ ஒரு மாணவிக்கு ஒரு போன் என்று பூட்டப்பட்டது. வேறு போனில் என் பெயரில் நுழைய முடியாது. பேராசிரியையிடம் போய்ச் சொன்னேன்.

"சிஸ்டம் அப்படித்தான்மா. அட்ஜஸ்ட் பண்ணிக்க. இந்தக் காலத்துல ஒரு போன் இல்லாத வீடா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் என்பதால் பகலில் போன் என் கைக்கு வரவே இல்லை. அம்மா சாயங்காலம் வந்ததும் போனை வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்தே பேசினேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் பழைய பிளாஸ்டிக்கை அரைத்துத் தூளாக்குகிற ஒரு பட்டறை இருக்கிறது. அந்த இயந்திரத்தின் சத்தம் எங்களுக்குக் காதில் விழுவதே இல்லை. பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம். செயலிக்கு விழுந்தது. 'அமைதியான இடத்துக்குச் சென்று மீண்டும் முயலவும்' என்று திரும்பத் திரும்பச் சொன்னது. போர்வைக்குள் புகுந்து பேசினேன். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன். இருபத்து மூன்று வந்தது. பதினெட்டு வந்தது. எங்கள் தெரு முனையில் நின்று, ஷிப்ட் முடிந்து இறங்கும் பெண்களைப் பற்றி, அவர்கள் கையிலிருக்கும் சோப்பு வாசனை பற்றிப் பேசினேன். நான் பேசியதிலேயே நல்ல பிரெஞ்சு அதுதான். அதற்கு இருபத்தேழு. படத்தின் அடியில் சேதராப்பட்டு என்று விழுந்ததால், 'பட்டியலில் இல்லாத இடம்' என்று அச்செடுத்த படத்தில் பேராசிரியை சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்.

அமைதியான இடம் எங்கே இருக்கிறது? நகரத்தில் இருக்கிறது. மரங்கள் மூடிய தெருக்களில், வாடகைக்கு விடப்பட்ட பெரிய வீடுகளின் வாசலில் இருக்கிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த அமைதிக்குள் உட்கார்ந்து பத்துப் பேருக்குப் பேசிவிட்டு, என் பயிற்சியைச் செய்ய அரைவை இயந்திரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன்.

மதிப்பெண்களை வகுப்பில் வாசித்தார்கள். பத்துப் பேருக்கும் எண்பத்து மூன்றுக்கு மேல். எனக்கு முப்பத்தொன்று. பேராசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டு மகிழ்ச்சியாகப் பேசினார்.

"இந்தப் பத்துப் பேரோட உச்சரிப்பு ஒரே தரத்துல இருக்குன்னு ஆப்பு ரிப்போர்ட் சொல்லுது. ஒரு வார்த்தை பிசகல. வெளில போய் பழகினா எப்படி வரும்னு பாத்துக்குங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ வகுப்புல நல்லாதான பேசுற? வெளில போய் ஒழைக்கல. சோம்பேறித்தனம்."

ரெப் குனிந்து பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று ஒரு கணம் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்று மதியம் பேராசிரியை வகுப்புக் குரூப்பில் அந்தப் பத்துப் பேரின் சிறந்த பேச்சுகளைப் போட்டு, பெற்றோரும் கேட்டு மகிழட்டும் என்று எழுதினார். அறுபதுக்குக் கீழே இருந்ததால் என்னுடையது அதில் இல்லை. குரூப்பில் இருந்தது அம்மாவின் எண். போன் கம்பெனி லாக்கரில்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அம்மா எனக்காகக் காத்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னாடி இது? உன் காலேஜ் குரூப்புல பத்து பேச்சு வந்திருக்குது. பத்துலயும் நீயே பேசினுருக்க?"

"வேற வேற பொண்ணுங்கம்மா."

"என்கிட்டயே கதை சொல்றியா?" போனை எடுத்து ஆறாவதை அழுத்தினாள். கரகரப்பான குரலில் நான் கடலை வருணித்துக்கொண்டிருந்தேன். "சளி புடிச்ச மாதிரி பேசுற பாரு, இது நீ ஆறாவது படிக்க சொல்ல ஸ்கூலுக்குப் போவாம ஏமாத்தப் பேசுற பேச்சு. எனக்குத் தெரியாது?"

ஒரு வார்த்தை பிரெஞ்சு தெரியாதவள். நாள் முழுக்கக் குரல்களைக் கேட்டே ஷிப்டையும் பஸ்ஸையும் தெரிந்துகொள்கிறவள்.

"சாப்பாட்டு டைம்ல எம் பொண்ணு பேசுறதக் கேளுங்கடின்னு எல்லாருக்கும் போட்டேன். ஒண்ணு முடிஞ்சி அடுத்தது தானா வருது, அதுவும் நீ. மூணாவதும் நீ. ஒருத்தி கேக்குறா, 'இன்னாக்கா, அந்தக் காலேஜுல உம் பொண்ணு ஒருத்திதான் படிக்குதா?' அத்தினி பேரும் சிரிக்கிறாளுங்க."

சொன்னேன். துணிப்பை, மஞ்சள் சுவர், ஐஸ்கிரீம், எல்லாவற்றையும். அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உன்னுது எங்க?"

"என்னுது வரலம்மா. முப்பத்தொண்ணு. அறுவது இல்லாம மேல படிக்க கையெழுத்துப் போட மாட்டாங்க."

அவள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அதைத் தேய் தேய் என்று தேய்த்தாள். திரும்பி என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"நீ பேசினதுக்கு அவளுங்க பாஸு, நீ பெயிலு. நல்லாருக்குடி உம் படிப்பு."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். சாக்கடையில் கால் வைத்தவளைப் பார்த்து ஒதுங்குகிற மாதிரி இருந்தது அது.

மறுநாள் காலை பேராசிரியையின் அறைக்குப் போனேன். மேசை மேல் சுருள் கம்பி போட்ட தடிமனான கோப்பின் நகல் ஒன்று இருந்தது. அட்டையிலேயே மஞ்சள் சுவர்ப் படம். பத்துப் பேச்சும் என்னுடையவை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. "போட்டுக் கேளுங்க மேடம்" என்றேன்.

முதலாவதைப் போட்டார். அடுத்து ஆறாவதை. பிறகு ஒன்பதாவதை. பத்து வாரத்தில் அவர் அந்தப் பேச்சுகளைக் கேட்டது அன்றுதான் முதல்முறை. ஒன்பதாவதின் பாதியிலேயே நிறுத்தினார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இத வேற யார்கிட்ட சொன்ன?"

"எங்கம்மாகிட்ட."

"அவங்களுக்கு என்ன புரியப் போவுது, விடு." நாற்காலியில் உட்கார்ந்து குரலைத் தணித்தார். "இங்க பாரும்மா. கோப்பு மேல போயிடுச்சு. அடுத்த வாரம் குழு வருது. இப்ப இதக் கிளப்பினா முதல்ல மாட்டறது நீதான், தெரியுதா? பேசினது நீ. உனக்கு என்ன வேணும், அறுபது. ஆப்புல கோளாறுன்னு ஒரு குறிப்பு எழுதி உன் மார்க்க நான் கைல திருத்திடுறேன். அறுபத்திரண்டு. எம்.ஏ. பாரத்தக் கொண்டா, கையெழுத்து வாங்கித் தர்றது என் பொறுப்பு."

அறுபத்திரண்டு. தாராளம் என்று அவர் நினைத்தார். என்னுடைய குரலுக்கு மற்றவர்கள் பெயரில் எண்பத்தொன்பது, என் பெயரில் பிச்சையாக அறுபத்திரண்டு.

உடனே மறுத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மறுக்கவில்லை. "யோசிச்சு சொல்றேன் மேடம்" என்றேன். கம்பெனி பஸ் வரிசையில் காலியாக இருக்கிற அந்த இடம் கண்ணில் வந்தது. அறைக்கு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். அறுபத்திரண்டை வாங்கிக்கொண்டால் யாருக்கும் எந்த நட்டமும் இல்லை என்று ஒரு கணக்கு மனதுக்குள் வேகமாக ஓடியது. அது ஓடிய வேகம் எனக்கே அசிங்கமாக இருந்தது.

ரெப் எப்படியோ தெரிந்துகொண்டு பஸ் நிறுத்தத்துக்கே வந்துவிட்டாள். கூட இரண்டு பேர்.

"போய்ப் போட்டுக் குடுத்துட்ட போல?" என்றாள்.

"நான் பேசினத நான் பேசினேன்னு சொன்னேன்."

"உனக்கு நாங்க என்னாடி கொறை வெச்சோம்? வாராவாரம் எங்க கூடத்தான சுத்தின? குரூப் போட்டோல உன்னயும் நிக்க வெச்சோம்ல? வெறும் சேதராப்பட்டு பஸ்ஸத் தவிர நீ என்னாத்தப் பாத்த?"

கூட வந்தவர்களில் ஒருத்தி, முதல் வாரத்தில் அழும் நிலையில் நின்றவள், என் கையைப் பிடித்தாள். "எங்க வீட்ல தாத்தாவுக்குப் போட்டுக் காட்டிட்டேன்டி. எம் பேத்தி எப்படிப் பேசுறா பாருன்னு அழுதுட்டாரு. ப்ளீஸ்டி. நீ அறுபத்திரண்ட வாங்கிக்கடி, எல்லாருக்கும் நல்லது."

அந்தத் தாத்தா தன் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து என் குரலைக் கேட்டுக் கண்ணைத் துடைத்ததை நினைத்துப் பார்த்தேன். அவர் எவ்வளவு அழகாக ஏமாற்றப்பட்டிருக்கிறார். ஏமாற்றியதில் சரிபாதி நான். என் கையை உருவிக்கொண்டேன். அவள் மேல் வெறுப்பு வந்தது. அதைவிட அதிகமாக, அந்தத் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு பெருமையோடு உட்கார்ந்திருந்த என் மேல் வந்தது.

"நீ பேசேன்டி" என்றேன். "உங்க தாத்தா முன்னால உக்காந்து நாலு வார்த்தை நீயே பேசு. தப்பா பேசினாலும் பரவால்ல."

"ரொம்பத்தான் ஆடுற" என்றாள் ரெப். "நீயும்தான் மாட்டுவ."

"மாட்டட்டும்."

பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் போனைக் கேட்கவில்லை. தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பின்னால் பட்டறை அரைத்துக்கொண்டிருந்தது. கல்லூரி முதல்வருக்குத் தமிழில் ஒன்று, அதையே பிரெஞ்சில் ஒன்று என இரண்டு கடிதங்கள் எழுதினேன். யார் உதவியும் இல்லாமல் அந்த மொழியில் நான் எழுதிய முதல் கடிதம் அது. பத்து மாணவிகளின் பெயரில் இருக்கும் பேச்சுகள் என்னுடையவை, அவற்றை நான் அறிந்தே பேசிக் கொடுத்தேன், அதற்கான தண்டனையை ஏற்கிறேன் என்று முதலில் எழுதினேன். எங்கள் பதினொரு பேரின் மதிப்பெண்களையும் ரத்து செய்ய வேண்டும், வேறு கல்லூரியிலிருந்து ஒரு தேர்வாளரை வரவழைத்து, எதிரே உட்காரவைத்து, முகம் பார்த்து எங்களைப் பேசச் சொல்ல வேண்டும் என்று அடுத்து எழுதினேன். அறுபத்திரண்டு எனக்கு வேண்டாம் என்பதைத் தனி வரியாகப் போட்டேன்.

வாசித்துக் காட்டச் சொன்னாள் அம்மா. தமிழை வாசித்தேன்.

"மேல படிக்க வுட மாட்டாங்களோ?" என்றாள்.

"விடாமலும் போவலாம்மா."

மற்றத் தாளை எடுத்து என் கையில் கொடுத்தாள். பிறகு, "அந்த பிரெஞ்சையும் வாசி" என்றாள். வாசித்தேன். முடியும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேற்று காலை பத்தரை மணிக்கு இரண்டு கடிதங்களையும் முதல்வரின் கையிலேயே கொடுத்துவிட்டேன். நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டேன். கடைசிப் பக்கத்தில் பதினொரு பதிவு எண்களையும் வரிசையாக எழுதியிருக்கிறேன். முதல் எண் என்னுடையது.